கையை விட்டா நிக்கணும்: கைட்சர்ஃபிங் பாரின் 200 வருஷக் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஒரு தம்பி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். காலேஜ்ல எனக்கு ஆறு வருஷம் ஜூனியர், இப்ப ஆர்த்தோ பி.ஜி. "அண்ணா, ராமேஸ்வரம் போய் கைட்சர்ஃபிங் கத்துக்கிட்டு வந்துட்டேன். பழைய பார் ஒண்ணு லைனோட சல்லிசா கிடைச்சுது. பணம் கொடுத்து வாங்கிட்டேன். நல்லா இருக்குல்ல?"

படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த ஒரு கம்பி. நடுவில் தடித்த கயிற்றில் ஒரு வளையம். சாம்பல் நிறமாகிப் போன நாலு லைன், அதில் ரெண்டு முடிச்சு. நான் தேடினது ஒரே ஒரு பொருளைத்தான். அது அதில் இல்லை.

"இதை வச்சு கடலில் இறங்காதே"ன்னு பதில் போட்டேன். "ஏன் அண்ணா, கம்பியும் கயிறும்தானே? இதுல என்ன கெட்டுப்போகப் போகுது?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்றேன். ஏன்னா இது கம்பியும் கயிறும் பற்றிய கதை மட்டும் இல்லை.

தெரியாதவங்களுக்காக முதலில் ரெண்டு வரி. கைட்சர்ஃபிங்னா காலில் ஒரு பலகை, இடுப்பில் ஹார்னஸ் என்கிற பட்டை, தலைக்கு மேலே 20 முதல் 27 மீட்டர் தூரத்தில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் உங்களை இழுக்கும், நீங்க தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவீங்க. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் முதல்முறையாக இது இடம்பெற்றது, போட்டி நடந்தது மார்செய் கடலில். நம்ம பக்கம் ராமேஸ்வரத்திலும், இலங்கையில் கல்பிட்டியிலும் காற்று சீசனில் போனால் நேரில் பார்க்கலாம்.

பட்டத்துக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருப்பது அரை மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி. அதுதான் பார். ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் மூணும் அதுவே. இந்த மூணும் ஒரே நாளில் வந்து சேரலை. ஸ்டீயரிங் முதலில் வந்தது. பிரேக் ரொம்ப லேட்டா வந்தது. அந்த லேட்டுக்கு விலை கொடுத்தது மனுஷ உடம்பு. அதனால்தான் ஒரு டாக்டரா எனக்கு இந்தக் கதையில் இவ்வளவு ஆர்வம்.

சரி, 1820-களுக்குப் போவோம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். ஜார்ஜ் போகாக் என்று ஒரு பள்ளி ஆசிரியர். மனுஷனுக்குப் பட்டப் பைத்தியம். 1826-ல் ஒரு வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பேர் சார்வோலண்ட். குதிரை கிடையாது. ரெண்டு பெரிய பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வண்டியை இழுக்கும். அன்றைக்குச் சாலைச் சுங்கம் குதிரைகளை எண்ணித்தான் வாங்கினார்கள். இவர் வண்டியில் குதிரையே இல்லை, அப்ப எதை எண்ணுவாங்க? சுங்கச்சாவடியில் அவங்க முகம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. போகாக் பட்டத்தைக் கட்டுப்படுத்த நாலு கயிறு வைத்தார். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் பாரிலும் அதே நாலு கயிறு அமைப்புதான். இடது, வலது திருப்ப ஒரு ஜோடி. பட்டம் காற்றை எந்தக் கோணத்தில் பிடிக்கணும்னு மாற்ற இன்னொரு ஜோடி. ஆனா வண்டியை நிறுத்தும் பிரேக்? அது பட்டத்தில் இல்லை. ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அழுத்திக் குத்தி நிறுத்தினார். அதாவது இழுப்பதை நிறுத்த வழியில்லாமல், இழுபடுவதைத் தடுத்தார். இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் வரும்.

இடையில் ஒரு கிளைக்கதை. இதே போகாக் தன் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பட்டத்தில் கட்டி, 80 மீட்டருக்கு மேல் உயரத்துக்கு ஏற்றினார். எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இன்றைக்கு அனுமதிக்காது. மார்த்தா பத்திரமா இறங்கினார், வளர்ந்தார், கல்யாணம் பண்ணினார். அவருக்குப் பிறந்த பையன்தான் டபிள்யூ.ஜி. கிரேஸ். ஆமாங்க, கிரிக்கெட் தாடிக்காரர் கிரேஸேதான். அவரும் ஒரு டாக்டர். அன்றைக்கு அந்தக் கயிறு அறுந்திருந்தா கிரிக்கெட் வரலாறே வேற.

போகாக்குக்குப் பிறகு பட்டத்தை வைத்து வண்டி, படகு இழுக்கும் வேலை கிட்டத்தட்ட விளையாட்டாகவே போயிடுச்சு. 1903-ல் சாமுவேல் கோடி என்கிற அமெரிக்காவில் பிறந்த மனிதர் பட்டம் இழுக்கும் படகில் கலேயில் இருந்து டோவர் வரை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இரண்டாம் உலகப்போரில் பால் கார்பர் அமெரிக்கக் கடற்படைக்காக, வாலில் சுக்கான் வைத்த, ரெண்டு கயிறால் திருப்பும் பட்டம் செய்தார். அதில் எதிரி விமானத்தின் படத்தை வரைந்து பறக்கவிட்டு, கப்பல் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகினார்கள். 1970-களில் பீட்டர் பவல் என்கிற பிரிட்டிஷ்காரரின் ரெண்டு கயிறு பட்டம் கடற்கரைகளில் பெரிய ஹிட்.

கையில் பிடித்துப் பறக்கவிடும் பட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. கயிறு கையில் இருந்தது. பயமா இருக்கா, கையை விடு. பட்டம் போகும், ஆள் பிழைப்பான்.

1984 நவம்பர். பிரான்சின் பிரெட்டன் கடற்கரைக்காரர்கள் புரூனோ, டொமினிக் லெகைன்யு என்ற அண்ணன் தம்பி, காற்று ஊதிய குழாயை முன்விளிம்பில் வைத்த ஒரு பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். அதற்கு முன் பெரிய தலைவலி என்னன்னா, பட்டம் கடலில் விழுந்தால் நனைந்து மூழ்கும், திரும்ப எழுப்ப முடியாது. காற்றுக்குழாய் இருந்தால் மிதக்கும். லைனை இழுத்து மறுபடி எழுப்பலாம். இன்றைய கைட்சர்ஃபிங்கின் அடித்தளம் அதுதான். ஆனா அவங்க பட்டம் விபிகா என்ற பெயரில் கடைக்கு வந்தது 1997-ல். நடுவில் 13 வருஷம்! நல்ல ஐடியா எல்லாம் உடனே ஜெயிக்கும்னு யாராவது சொன்னா இந்த அண்ணன் தம்பியைக் காட்டுங்க.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு அப்பா, மகன். பில் ரோஸ்லர், கோரி ரோஸ்லர். அப்பா போயிங்கில் ஏரோடைனமிக்ஸ் பொறியாளர். அவங்க வழி வேற. பட்டம் விழுந்தால் என்ன, சுத்தி இழுத்துக்கோ! பாரிலேயே ஒரு வின்ச், அதுக்கு ஒரு பிரேக். விழுந்த பட்டத்தை லைனைச் சுருட்டிக் கைக்குக் கொண்டுவந்து, மறுபடி காற்றில் ஏற்றுவாங்க. கைட்ஸ்கி என்ற பெயரில் 1994-ல் விற்பனைக்கே வந்தது. பார் என்கிற பொருளை முதலில் ஒரு இயந்திரமாக யோசித்தவர்கள் இவங்கதான்னு எனக்குத் தோணும். ஆனா கனம், சிக்கல். ஊதும் பட்டம் வந்ததும் வின்ச்சுக்கு வேலையில்லாமல் போயிடுச்சு.

1990-களின் பின்பாதியில் ஹவாயின் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டன், மனு பெர்தான் மாதிரியான ஆட்கள் இதை அலைமேல் செய்து காட்டினதும் உலகமே திரும்பிப் பார்த்தது. கூட்டம் சேர்ந்தது. பிரச்சினையும் சேர்ந்தது.

இப்பதான் கதையின் திருப்பம். கவனமா படிங்க.

பட்டத்தின் இழுவையைக் கையால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? முன்கைத் தசை பத்து நிமிஷத்தில் கல் மாதிரி ஆயிடும். விண்ட்சர்ஃபிங்காரர்கள் ஏற்கெனவே இடுப்புப் பட்டையில் கொக்கி வைத்துப் பழகியிருந்தார்கள். அதே கொக்கியை இங்கேயும் கொண்டுவந்தார்கள். பாரின் நடுவில் ஒரு வளையம், அதை இடுப்புக் கொக்கியில் மாட்டு. கை ஃப்ரீ. முதுகும் இடுப்பும் இழுவையைத் தாங்கும். அந்த வளையத்துக்கு சிக்கன் லூப்னு பேர். கோழிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் சிக்கன்னா பயந்தாங்கொள்ளி.

பேரில் கிண்டல் இருந்தாலும், உண்மையில் பயப்பட வேண்டியது அந்த வளையத்துக்குத்தான். ஏன்னா முதன்முறையாக, கையை விட்டாலும் பட்டம் உங்களை விடாது. அதுவரை இருந்த "பயமா இருந்தா கையை விடு" என்கிற பாதுகாப்பை, கை வலிக்குதுன்னு நாமே கழற்றி வச்சுட்டோம்.

நாலு லைன் இருக்கே, முன் லைன் ரெண்டும் சிக்கன் லூப்புக்கு, பின் லைன் ரெண்டும் பாரின் முனைகளுக்கு. பாரைத் தள்ளினா பட்டத்தின் கோணம் மாறி இழுவை குறையும். இதுக்கு டிபவர்னு பேர். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்தக் காலத்துப் பட்டங்கள் "சி" எழுத்து மாதிரி ஆழமா வளைஞ்சிருக்கும். பாரை முழுசா தள்ளினாலும் இழுவை ஓரளவுக்குத்தான் குறையும், மீதி அப்படியே இருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 12 நாட் காற்று ஒரு புயல் மேகம் வந்ததும் 24 நாட் ஆனால், இழுவை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. கரையில் நின்றுகொண்டிருக்கும் 70 கிலோ ஆளைத் தூக்கி எறிய அது போதும். விழும் இடத்தில் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். பாறை, சுவர், நிறுத்தி வச்ச கார் இருந்தால் எங்க வார்டு. 2002-ல் ஜெர்மனியின் முன்னணி வீராங்கனை ஒருவரே இந்த விளையாட்டில் உயிரிழந்தார். கத்துக்குட்டிதான் மாட்டுவான் என்கிற சமாதானம் அத்தோடு போச்சு.

2004-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 235 கைட்சர்ஃபர்களை ஆறு மாசம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1000 மணி நேர விளையாட்டுக்கு 7 காயங்கள். அதிகம் அடிபட்டது பாதமும் கணுக்காலும், அடுத்து தலை. அந்தக் காலகட்டத்தில் ஒரு மரணமும் நடந்தது. இதெல்லாம் இருக்கட்டும். நான் அந்தக் கட்டுரையில் அடிக்கோடு போட்டு வச்சிருக்கிற எண் இது: 56 சதவீதக் காயங்களுக்குக் காரணம், கட்டுப்பாடு போன நேரத்தில் பட்டத்தை ஹார்னஸில் இருந்து கழற்ற முடியாமல் போனது.

மறுபடி படிங்க. பாதிக்கு மேல். காற்று இல்லை, அலை இல்லை, திறமைக் குறைவு இல்லை. கழற்ற முடியலை.

ஏன் கழற்ற முடியலை? ஒரு கொக்கியில் இருந்து ஒரு வளையத்தை எடுக்கிறது அவ்வளவு கஷ்டமா? லைன் தளர்வா இருந்தால் குழந்தைகூட எடுக்கும். ஆனா நூறு கிலோ இழுவையில் வளையம் கொக்கியோடு இறுகிப் பிடிக்கும். அதைக் கழற்ற உங்களை நீங்களே முன்னால் இழுக்கணும். கூடவே நம்ம உடம்பு ஒரு வேலை பண்ணும். பயம் வந்ததும் அட்ரினலின் ஏறும். பெரிய தசைக்கு பலம் கூடும், ஆனா விரல் நுனி வேலை கெட்டுப்போகும். ஊசியில் நூல் கோர்க்கிற வேலை அப்ப நடக்காது. கூடுதல் கெட்ட பழக்கம் என்னன்னா, பயந்தவன் பிடித்ததை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். பாரை இறுக்கி உள்ளே இழுத்தால் இழுவை கூடும். பிரேக்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிக்கிற கதை.

ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி டிராலி ஏன் எல்லா வார்டிலும் ஒரே வரிசையில் அடுக்கி இருக்கு? கை நடுங்கும்போது யோசிக்கக்கூடாது, கை தானா போகணும். குவிக் ரிலீஸ் வந்தது இதே தர்க்கத்தில்தான். ஆரம்பத்தில் பாய்மரப் படகில் இருந்து எடுத்த ஷேக்கிள், பின், வார் என ஆளுக்கு ஒன்று மாட்டிப் பார்த்தார்கள். சிலது லோடில் திறக்கவில்லை. சிலது தேவையில்லாத நேரத்தில் திறந்தது. கடைசியில் பெரும்பாலான கம்பெனிகள் வந்து நின்ற இடம்: சிக்கன் லூப்புக்கு மேலே, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி. ஒரு கையால் பிடி, உடம்பை விட்டு வெளியே தள்ளு. அவ்வளவுதான். விரல் நுனி வேண்டாம், முழங்கை போதும்.

தம்பி அனுப்பின படத்தில் நான் தேடினதும் இதைத்தான்.

இன்னொரு பக்கம் பட்டமும் மாறியது. 2005 வாக்கில் அதே லெகைன்யு சகோதரர்கள் வில் மாதிரி தட்டையான பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். போ கைட். முன்விளிம்பைப் பல சிறு கயிறுகள் தாங்கும். பாரை விட்டால் பட்டம் காற்றுக்கு நேரா திரும்பி, இழுவை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போகும். இழந்த பழைய பாதுகாப்பு வேற ரூபத்தில் திரும்ப வந்தது. கையை விடு, நிக்கும்.

இன்றைக்கு ஒரு நல்ல பாரில் மூணு படி உண்டு. முதல் படி, பாரை விடுவது. பட்டம் வலுவிழக்கும். அது போதலைன்னா குவிக் ரிலீஸைத் தள்ளுவது. அப்போ சிக்கன் லூப் திறந்து, பட்டம் ஒரே ஒரு முன் லைனில் மட்டும் லீஷ் வழியாக உங்களோடு இருக்கும். கொடி மாதிரி படபடத்து தண்ணீரில் விழும். அதுவும் இழுத்துச்சுன்னா, லீஷிலேயே ஒரு ரிலீஸ் உண்டு. அதைத் தட்டினால் பட்டம் மொத்தமா போகும். போகட்டும், கடையில் வேற வாங்கிக்கலாம்.

2020-ல் இந்த ரிலீஸ் அமைப்புக்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை வந்தது, ஐ.எஸ்.ஓ. 21853. பாதுகாப்புத் தேவைகளும் சோதனை முறைகளும் அதில் உண்டு. போகாக் காப்புரிமைக்கு 194 வருஷம் கழிச்சு. நீங்க புது பார் வாங்கப் போனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நிறமோ விலையோ இல்லை, இந்த எண்ணைத்தான்.

இப்ப லைனுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஏன்னா இங்கே எங்க ஆபரேஷன் தியேட்டரும் கடற்கரையும் ஒரே இடத்தில் சந்திக்குது.

1970-களின் கடைசியில் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்று ரெண்டு பேர், பாலிஎத்திலீனை ஜெல்லாக்கி நூலாக நூற்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாலிஎத்திலீன்னா வேற ஒண்ணும் இல்லைங்க, நம்ம பிளாஸ்டிக் குடம், கேரி பேக் எல்லாம் அதே குடும்பம்தான். ஆனா இதில் மூலக்கூறு சங்கிலி மிக மிக நீளம். அதை ஒரே திசையில் நீட்டி அடுக்கிட்டா, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு. டைனிமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கிறது இதுதான். கைட் லைன் அனேகமா எல்லாமே இந்த நூலின் பின்னல்.

இதே மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனைத்தான் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் கிண்ணமாக வைக்கிறோம். ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் வைத்துப் பார்த்தார், சீக்கிரம் தேய்ந்து நாசமானது. 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார், இடுப்பு மாற்று சிகிச்சையே நிலைத்தது. நூல் வடிவத்தில் இதே பொருள் தோள்பட்டைத் தசைநார் தைக்கிற தையல் நூலிலும் இருக்கு. ஆர்த்தோ தம்பிக்கு இது புரியும்னு தெரியும், அதனால் அவரிடம் கேட்டேன்: "அந்த நூலில் முடிச்சு போடும்போது உங்க சார் என்ன சொல்வார்?" உடனே பதில் வந்தது: "வழுக்கும், கூட ரெண்டு முடிச்சு போடுன்னு சொல்வார்."

அதேதான். இந்தப் பொருளின் குணம் தியேட்டரிலும் மாறாது, கடலிலும் மாறாது. வழுவழுப்பு, அதனால் சாதா முடிச்சு நிற்காது. லைன் முனையில் தடித்த உறை போட்டுத் தைத்து கண்ணி வைத்திருப்பது அதுக்குத்தான். தவறுதலா நடு லைனில் ஒரு முடிச்சு விழுந்தால் அந்த இடத்தில் வலு சுமார் பாதியாகிடும். கல்லு மாதிரி இறுகும் முன்னால் ரெண்டு ஊசி வச்சுப் பிரிச்சிடணும். உருகுநிலை 150 டிகிரி சுற்றுவட்டாரம், ரொம்பக் கம்மி. இன்னொருத்தர் லைன் இறுக்கத்தில் உங்க லைன் மேல் ஓடினால் உராய்வுச் சூட்டிலேயே அறுக்கும். தண்ணீரில் மிதக்கும், அது நல்லது.

இன்னொரு குணம்தான் மெதுவா ஆளைக் கவிழ்ப்பது. தொடர்ந்து சுமை ஏறினால் நிரந்தரமா கொஞ்சம் நீளும். முன் லைன்கள்தான் பெரும் சுமையைத் தாங்குபவை, அதனால் அவை நீளும். பின் லைன்களில் சுமை கம்மி, உப்பும் மணலும் பின்னலுக்குள் புகுந்து பருத்து, நீளம் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். விளைவு? நீங்க இழுக்காமலே பார் எப்போதும் உள்ளே இழுத்த மாதிரி ஆகிடும். பட்டம் மந்தமாகும், பின்னோக்கிச் சரிந்து விழும். எல்லாரும் பட்டம் பழசாயிடுச்சுன்னு நினைச்சுப் புதுப் பட்டம் வாங்குவாங்க. முதுகுவலின்னு வந்து நிற்கிற நோயாளிக்கு ஒரு கால் குட்டையா இருக்குமே, அந்தக் கதை.

சோதனை சுலபம், காசு செலவில்லை. நாலு லைன் முனையையும் ஒரே கம்பத்தில் மாட்டுங்க. டிரிம் பட்டையை முழுசா தளர்த்துங்க. பின்னால் நடந்து போய், பாரை முழுசா உள்ளே இழுத்து, சமமா இறுக்கிப் பிடிங்க. நாலு லைனும் ஒரே மாதிரி இறுகணும், பார் நேரா நிற்கணும். சாய்ந்தால் இடம் வலம் வித்தியாசம். முன் லைன் தொங்கினால் மேலே சொன்ன வியாதி. சின்ன வித்தியாசத்தை லைன் முனையில் உள்ள முடிச்சுகளை மாற்றிச் சரி பண்ணலாம். பெருசா இருந்தால் ஜோடியாக மாற்றுங்க, முடிஞ்சா முழு செட்டும். ஒரே ஒரு லைனை மட்டும் புதுசா போடுவது அடுத்த வியாதிக்கு ஆரம்பம்.

பராமரிப்பில் நான் முதலில் பார்ப்பது லைனைக்கூட இல்லை. ஒவ்வொரு தடவை கடலில் இறங்கும் முன்னாலும், கரையில் நின்று ரிலீஸைத் தள்ளித் திறந்து, மறுபடி மாட்டிப் பார்ப்பேன். அஞ்சு செகண்ட். நம்ம கடற்கரை மணல் பொடி மணல், ரிலீஸின் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கரையேறினதும் நல்ல தண்ணீரில் பார் முழுசையும் ஊறவைத்து, ரிலீஸை நாலு தடவை திறந்து மூடி அலசணும். நிழலில் காய வைக்கணும். எண்ணெய், கிரீஸ் நான் போடுறதில்லை. மணல் இன்னும் ஒட்டும்.

அடுத்தது, பாரின் நடு ஓட்டை வழியாக ஓடும் டிபவர் கயிறு. மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். ஓட்டை விளிம்பில் உரசி உரசி அந்தப் பூச்சு கிழிந்து, உள்ளிருக்கும் நூல் பஞ்சாக வெளியே வரும். அழகுப் பிரச்சினை இல்லைங்க இது. பிசிறு ஓட்டையில் சிக்கினால் கையை விட்டாலும் பார் மேலே ஓடாது. அப்புறம் டிபவர் எங்கே? பாருக்கு மேலே ஸ்டாப்பர்னு ஒரு உருண்டை இருக்கும், பார் கையில் இருந்து தூரம் போகாமல் நிறுத்த. சௌகரியத்துக்காக அதை ரொம்பக் கீழே இறக்கி வச்சுட்டு, கையை விட்டும் பட்டம் இழுக்குதேன்னு புலம்புகிறவர்களையும் பார்த்திருக்கேன்.

லீஷை எங்கே மாட்டுறீங்க என்பதும் அப்படித்தான். சில வித்தைக்காரர்கள் லீஷை நேரா சிக்கன் லூப்பிலேயே மாட்டுவாங்க. கொக்கியைக் கழற்றி ஸ்டண்ட் செய்யும்போது கை வழுக்கினாலும் பட்டம் சாயாமல் இருக்கணும்னு. அதுக்கு அவங்க வச்ச பேரே தற்கொலை லீஷ். பேரைக் கேட்ட பிறகும் கத்துக்குட்டி ஒருத்தர் அதைச் செய்தால் நான் என்ன சொல்ல?

புதுசா வாங்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சின்னப் பட்டம் வேகமா திரும்பும், அதுக்குக் குறுகலான பார். பெரிய பட்டம் மந்தம், அதைத் திருப்ப அகலமான பார். உங்க பட்டத்துக்கு நாலு லைனா அஞ்சு லைனா, முன் லைன் ரெண்டும் எந்த உயரத்தில் பிரியணும்னு பட்டத்துக் கம்பெனி சொல்றதைப் படிச்சுட்டு வாங்குங்க. வேற கம்பெனி பாரில் பறக்கும், ஆனா ரிலீஸ் தள்ளினா சரியா சாயுமான்னு தெரியாது. டிரிம் பட்டை கைக்கு எட்டுதான்னு ஹார்னஸ் போட்டுப் பாருங்க, கை குட்டையானவங்களுக்கு இது பெரிய விஷயம். சிவப்பு முனை எப்பவும் இடது கை.

விரல் விஷயம் மறந்துட்டேன். லைனைக் கையில் சுத்தாதீங்க, ஒரு சுத்துகூட வேண்டாம். சென்னைக்காரங்களுக்கு மாஞ்சா நூல் என்ன செய்யும்னு தெரியும். இதில் கண்ணாடிப் பொடி இல்லை, தேவையும் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் லைன் நூறு கிலோ இழுவையில் விரலைச் சுத்தினால் சதையும் தோலும் மோதிரம் மாதிரி உரிஞ்சு வரும், சில சமயம் விரலே வரும். திரும்ப ஒட்டவைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எந்த பிளாஸ்டிக் சர்ஜனையும் கேட்டுப் பாருங்க.

தம்பி எல்லாத்தையும் படிச்சார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அண்ணா, இந்தப் பார் எந்த வருஷம்?"

ரிலீஸ் இல்லை, வெறும் வளையம், சி பட்டத்துக்கான பழைய அமைப்பு. அந்த ஆய்வு நடந்த காலத்துச் சரக்கா இருக்கும்னு சொன்னேன். ரிலீஸ் மட்டும் தனியா வாங்கிப் பொருத்தலாமான்னு கேட்டார். பொருத்தலாம், ஆனா தேய்ந்த டிபவர் கயிறு, முடிச்சு விழுந்த நாலு லைன், லீஷ் எல்லாம் மாத்தணும். மாத்தி முடிச்சா மிச்சம் இருக்கிறது அந்தக் கம்பி மட்டும்தான்.

"வேற யாருக்காவது வித்துடட்டுமா?"

அதுக்கு நான் பதில் போடலை. அவரே ஒரு நிமிஷத்தில் அந்த மெசேஜை அழிச்சுட்டார்.

நேத்து ராத்திரி இன்னொரு படம் வந்தது. லைன் நாலையும் ஒரு முழ நீளத்துக்குத் துண்டு துண்டா வெட்டி ஒரு பையில் போட்டிருந்தார், யாரும் எடுத்து மறுபடி கட்டிடக்கூடாதுன்னு. பார் ஹாஸ்டல் ரூமில் ஜன்னலுக்குக் குறுக்கே கட்டியிருக்கு. அதில் ரெண்டு ஸ்க்ரப் சட்டை காயுது.